கட்டுச்சாதமாய்ப் போன எழுத்து

என் தங்கையின் கல்யாணம் ஒரு மதுக்கிண்ணத்தால் நின்றுபோகப் பார்த்தது என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் மாப்பிள்ளையைத்தான் சந்தேகப்படுகிறார்கள். பாவம், அவர் ஃபில்டர் காபிக்கு மேல் எதையும் தொட்டறியாதவர். கிண்ணம் முளைத்தது ஒரு கைபேசியின் திரையில். அதை அங்கே முளைக்க வைத்தவள் என் தங்கை. பிடுங்கி எறிந்தவளும் அவளேதான். அதை அவள் செய்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் சின்ன காஞ்சிபுரத்தில் நான் ஒரு டி.டி.பி. கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, உற்சவப் பத்திரிகை, சஷ்டியப்தபூர்த்தி அழைப்பு, இவைதான் என் பிழைப்பு. கம்ப்யூட்டரில் எழுத்துக் கோத்து, பிளாப்பியில் ஏற்றி, பெரிய காஞ்சிபுரத்து அச்சகத்துக்கு எடுத்துப் போவேன். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒரு தனி ராஜ்ஜியம். நான் 'க' வைத்திருக்கும் இடத்தில் அச்சகத்துக்காரர் 'ளூ' வைத்திருப்பார். கோப்போடு எழுத்துருவையும் பிளாப்பியில் சேர்த்துப் போட மறந்தால், இங்கிருந்து சௌபாக்கியவதியாகக் கிளம்பிய பெண் அங்கே டாலரும் சதவீதக்குறியும் ஆச்சரியக்குறியுமாக இறங்குவாள். ஒருமுறை அப்படி இறங்கிய பெண்ணின் தகப்பனார் என்னிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அதைவிடப் பெரிய தொல்லை பத்திரிகையின் உச்சியில் இருந்தது. வைணவர்களில் வடகலை, தென்கலை என்று இரண்டு பிரிவு. நெற்றியில் இடும் திருமண்ணைப் பார்த்தாலே யார் எந்தக் கலை என்று தெரிந்துவிடும். எங்களுடையது வடகலை. அது புருவ நடுவில் வளைந்து, பார்க்க U போல இருக்கும். தென்கலையில் மூக்கின் மேல் ஒரு பாதம் இறங்கும். அது Y போல. கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று சண்டை போட்ட ஊர் என்று வெளியூர்க்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். நாங்கள் சிரிக்க மாட்டோம். எனக்கு இரண்டு கலையிலும் வாடிக்கையாளர்கள் உண்டு, சந்தையில் கிடைத்த எழுத்துருக்கள் எதிலும் ஒழுங்கான திருமண் கிடையாது. ஒன்றில் இருந்தது, அது கவட்டை போல இருந்தது.

அப்போது கல்லூரியில் கணினி படித்துக்கொண்டிருந்த என் தங்கை, மாலையில் கடைக்கு வந்து உட்காருவாள். எழுத்துரு வரைகிற மென்பொருள் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து, இரண்டு திருமண்களையும் தானே வரைந்தாள். வடகலைக்கு எங்கள் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, அசையக்கூடாது என்று மிரட்டி, அவர் நெற்றியைப் பார்த்தே வரைந்தாள். தென்கலைக்கு அப்படி ஆள் பிடிக்க முடியவில்லை. கோயிலில் தூண் மறைவில் நின்று பெரியவர்களின் நெற்றிகளைப் பார்த்துப் பார்த்து வந்து வரைந்தாள். ஒரு தென்கலை வாடிக்கையாளர் அதைப் பார்த்துவிட்டு, "எங்க தோப்பனார் சாத்திக்கற மாதிரியே இருக்கே" என்று கண் கலங்கினார். கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்கிற பெண் அவள்.

எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் U விசையை அழுத்தினால் வடகலை வரும், Y விசையை அழுத்தினால் தென்கலை வரும். அப்படி அவள் அமைத்திருந்தாள். நினைவில் வைப்பதற்கு எளிது என்பதற்காகத்தான். ஆனால் ஒருமுறை நான் எழுத்துருவைச் சேர்க்க மறந்து, திருமண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் U அச்சாகிவிட்டது. வாடிக்கையாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "திருமண் கொஞ்சம் இளைச்சாப்ல இருக்கே" என்றார், வாங்கிக்கொண்டு போய்விட்டார். நானும் தங்கையும் அன்று சிரித்த சிரிப்பில் அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

பிறகு அவள் சென்னைக்கு வேலைக்குப் போனாள். கைபேசிகளுக்குச் சின்னச் சின்ன நிரல்கள் எழுதுகிற கம்பெனி. அங்கே உடன் வேலை பார்த்த ஒருவரைப் பிடித்துப்போயிற்று. நல்ல பையன், நல்ல குடும்பம், வைணவர்தான். ஆனால் தென்கலை. வேறு ஜாதியாக இருந்திருந்தால்கூட அப்பா ஒரே மூச்சில் கத்தித் தீர்த்திருப்பார். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு வேறாக இருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பையனின் அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று, வாலாஜாபாத்தில் வீடு கட்டிக்கொண்டு இருந்தவர். அவரும் அவர் பங்குக்கு முறுக்கிக்கொண்டார். ஒரு வருஷத்துக்கு மேல் பேச்சு இழுத்தது. எங்கள் இரண்டு பக்கத்து வழக்கப்படியும், கல்யாணமானால் பெண் புருஷன் வீட்டுக் கலைக்குப் போய்விட வேண்டும். தங்கை அதற்குச் சம்மதித்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள். பத்திரிகையின் உச்சியில் இரண்டு திருமண்ணும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவில் இருக்க வேண்டும்.

"ஒண்ணை விட்டுட்டு ஒண்ணுக்குப் போறேன்னு இருக்கக்கூடாது அண்ணா. எனக்கு ரெண்டும் வேணும்" என்றாள்.

அதற்கும் ஒரு பஞ்சாயத்து நடந்தது. எங்களுடையது இடப்பக்கம், அவர்களுடையது வலப்பக்கம் என்று முடிவாயிற்று. படிக்கும்போது இடதுதான் முதலில் வரும் என்று எங்களுக்குத் திருப்தி. வலதுதான் உயர்வு என்று அவர்களுக்குத் திருப்தி.

சம்பந்தி மாமாவுக்கு அப்போது வெளிநாட்டிலிருந்து மூத்த பிள்ளை ஒரு புதுக் கைபேசி அனுப்பியிருந்தார். மாமா அதைச் சட்டைப் பையில் வெளியே தெரிகிறபடி வைத்துக்கொண்டுதான் நடப்பார். "நீதான் போன் கம்பெனியில இருக்கியேம்மா, பத்திரிகையைப் போன்லயே வரப் பண்ண முடியாதோ? எங்க மனுஷா ஏழெட்டு ஊர்ல இருக்கா, எல்லாருக்கும் ஒரே நாள்ல போய்ச் சேரும்" என்று அவரே கேட்டார். வருங்கால மாமனார் கேட்டு முடியாது என்பாளா? பத்திரிகையை ஒரு சின்ன நிரலாகச் செய்தாள். திறந்தால் நாதஸ்வரம் ஒலிக்கும், கோலம் வரும், உச்சியில் இரண்டு திருமண்ணும் வந்து நிற்கும், கீழே தமிழில் பத்திரிகை ஓடும். அவள் போனில் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்க, மாமாவும் அவருடைய தம்பி முறை ஆகிற ஒருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தங்கை ப்ளூடூத்தில் பத்திரிகையை மாமாவின் போனுக்கு அனுப்பினாள். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திறந்தார். நாதஸ்வரம் நன்றாகத்தான் வாசித்தது.

திரை முழுக்கக் கட்டம் கட்டமாகச் சதுரங்கள். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. உச்சியில் இடப்பக்கம் எங்கள் திருமண் இருக்கவேண்டிய இடத்திலும் ஒரு சதுரம். வலப்பக்கம், அவர்களுடைய திருமண் இருக்கவேண்டிய இடத்தில், நீண்ட காலும் அடியில் பாதமுமாக ஒரு மதுக்கிண்ணம். வடிவம் என்னவோ Y போலத்தான் இருந்தது. ஆனால் விளிம்பில் ஒரு பழத்துண்டு செருகியிருந்தது, அதுதான் காரியத்தைக் கெடுத்தது.

தம்பி முறைக்காரர் எட்டிப் பார்த்தார். "எங்க திருமண் உங்களுக்குச் சாராயக் கிளாஸா தெரியறதா?" என்றார்.

அப்பா சும்மா இருந்திருக்கலாம். "எங்களுது மட்டும் என்ன வாழறது? காலி டப்பாவான்னா வந்திருக்கு!" என்றார்.

மாமா சத்தம் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "முப்பது வருஷத்துக்கு மேல சிக்னல் பார்த்தவன் நான். கைகாட்டி எறங்கினா வண்டி போகலாம்னு எந்த ஊர்லயும் ஒரே அர்த்தம். பச்சைன்னா எல்லா ஸ்டேஷன்லயும் பச்சையா தெரியணும். ஒரு ஊர்ல பச்சை, அடுத்த ஊர்ல வேற ஏதோன்னா எந்த டிரைவர் வண்டியை எடுப்பான்?" என்றார். தங்கை விளக்க வாயெடுத்தாள். அவர் கையமர்த்தி, "நாள் குறிக்கறதை அப்புறம் பார்க்கலாம்" என்று எழுந்தார். 'பார்க்கலாம்' என்பதற்கு எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. வைத்த காபி வைத்தபடி ஆறிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு பழத்துண்டுக்காகவா ஒரு வருஷப் பேச்சு என்று வாசல்வரை போய்க் கேட்டுவிடத் தோன்றியது. ஆனால் என் தங்கை எனக்கு முன்னால் வாசலில் நின்றிருந்தாள். அழவில்லை. "மாமா, இந்தப் போன் கொஞ்ச நாள் என்கிட்ட இருக்கட்டுமா? எதனால இப்படி ஆச்சுன்னு பார்க்கணும்" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு படியிலேயே நின்று போனின் முதுகைத் திறந்து, சிம் கார்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போனை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். முழுக்க வெட்டிவிட நினைப்பவர் போனைக் கொடுப்பாரா? எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை அதுதான்.

காரணம் அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. நாங்கள் கடையில் வைத்திருந்த எழுத்துருவை அவள் தன் போனின் மெமரி கார்டில் எப்போதோ ஏற்றி வைத்திருந்தாள். அதனால் அவளுடைய போனில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. மற்ற போன்களில் அந்த எழுத்துரு ஏது? போனுக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. திருமண்களுக்கு, யாரும் எடுக்காமல் காலியாக விட்டிருக்கும் எண்கள் என்று நம்பி, இரண்டு எண்களைக் கொடுத்திருந்தாள். மாமாவின் போனைச் செய்த கம்பெனி அதில் ஒரு எண்ணில் தன்னுடைய சொந்தப் படத்தை வைத்திருந்தது. அந்தப் படம் மதுக்கிண்ணம்.

"அதே பிளாப்பி கதைதான் அண்ணா. கோப்பை அனுப்பிச்சேன், எழுத்தை அனுப்பலை" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் சமையலறைப் பக்கம் பார்த்தாள். அப்பா மறுநாள் வெளியூர் போவதற்காக அங்கே புளியோதரை தயாராகிக்கொண்டிருந்தது. அப்பா எந்த ஊருக்குப் போனாலும் கட்டுச்சாதம் இல்லாமல் ரயில் ஏற மாட்டார். போகிற இடத்தில் யார் சமைத்தார்களோ, என்னத்தைப் போட்டார்களோ என்று கேள்வியே வரக்கூடாது அவருக்கு.

"அப்பா மாதிரிதான் போகணும்" என்றாள். "போற போன்ல என்ன எழுத்து இருக்குன்னு கேக்கவே கூடாது. நம்ம எழுத்தை நாமளே கட்டிண்டு போயிடணும்."

அதைத்தான் செய்தாள். பத்திரிகைக்கு வேண்டிய ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக, சின்னப் படமாக வரைந்தாள். எல்லாவற்றையும் ஒரு நீளப் பட்டையில் வரிசையாக நிறுத்தி, அந்தப் பட்டையை நிரலுக்குள்ளேயே வைத்தாள். நிரல் எந்த எழுத்து வேண்டுமோ அதைப் பட்டையிலிருந்து வெட்டித் திரையில் ஒட்டிக்கொள்ளும். போனுக்குத் தமிழ் தெரிந்தாலும் ஒன்றுதான், தெரியாவிட்டாலும் ஒன்றுதான்.

ஆனால் மலிவான போன்கள் பெரிய நிரலை வாங்கிக்கொள்ளாது, வயிறு சின்னது. அதனால் பத்திரிகையில் வராத எழுத்துக்களையெல்லாம் கழித்துக் கட்டினாள். "ஙௌ எந்தக் கல்யாணத்துக்கு வந்திருக்கு?" என்று என்னைக் கேட்டாள். அப்பா தன் பெயருக்கு முன்னால் இன்னொரு பட்டத்தைச் சேர்க்கச் சொன்னார். அதற்கு 'க்ஷ' வேண்டும். "க்ஷ வேணும்னா கோலம் போயிடும்பா, எது வேணும்?" என்றாள். அப்பா வெகுநேரம் யோசித்துப் பட்டத்தை விட்டுக்கொடுத்தார். அப்பா ஒன்றை விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடைசியில் நாதஸ்வரத்தையும் எடுக்க வேண்டியதாயிற்று. மேளம் இல்லாத கல்யாணமா என்று அப்பா முணுமுணுத்தார். மண்டபத்தில் வாசிப்பார்கள் என்று சமாதானம் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் ஊர் ஊராகப் போன் கேட்டு அலைந்ததுதான் வேடிக்கை. பட்டுக் கடையில் கேட்டாள், ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோக்காரரிடம் கேட்டாள், பூக்காரம்மாவிடம் கேட்டாள். சின்னத் திரை, பெரிய திரை, அகலத் திரை, எல்லாவற்றிலும் பத்திரிகையை ஏற்றிப் பார்த்து, உடனே அழித்துத் திருப்பிக் கொடுப்பாள். யாரும் மறுக்கவில்லை. கல்யாணப் பெண் கேட்டால் யார் மறுப்பார்கள்?

எதிர்வரிசையில் பட்டு நெய்கிற எங்கள் சிநேகிதர் ஒருவர் இருந்தார், நெற்றி நிறைய விபூதி பூசுகிற சிவபக்தர். அவரிடம் உள்ளங்கையில் அடங்குகிற குட்டிப் போன் ஒன்று இருந்தது. "இன்னாமா, கம்பெனியில உனக்கு போன் குடுக்கலையா? ஊரு போனெல்லாம் வாங்கிக்கினு இருக்குற?" என்று சிரித்தபடி தறியை விட்டு எழுந்து வந்து கொடுத்தார். தங்கை பத்திரிகையை ஏற்றினாள். எழுத்துக்கள் முத்துமுத்தாக வந்தன. அவர் வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே சிரிப்பு.

"இன்னாபா இது, ஒர்த்தர் தலைமேல ஒர்த்தர் ஏறி குந்திக்கினு இருக்காங்க!" என்று என்னிடம் காட்டினார்.

திரையின் அகலம் போதாமல் வலப்பக்கத்துத் திருமண் அடுத்த வரிக்கு இறங்கிவிட்டிருந்தது. எங்களுடையது மேலே, அவர்களுடையது கீழே. மதுக்கிண்ணமாவது தற்செயல் என்று சொல்லலாம். இதை மாமா பார்த்தால் என்ன சொல்வது?

"எங்களுக்கு மூணே கோடு. எந்த போன்ல போட்டாலும் ஒடியாது" என்று நெசவாளர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. தங்கை அந்தக் குட்டித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சிறிதாக்கினால் ஒரே வரியில் அடங்கிவிடுமே என்றேன். அவள் தலையாட்டினாள்.

"இந்தப் போன்ல அடங்கும். இதைவிடச் சின்னதா ஒண்ணு வந்தா மறுபடி ஒடையும். ஒடையற மாதிரி வெச்சதுதான் தப்பு" என்றாள்.

வீட்டுக்கு வந்து பட்டையைத் திறந்தாள். இரண்டு திருமண்களும் அதில் தனித்தனி எழுத்தாக இருந்தன. இரண்டையும் அழித்துவிட்டு ஒன்றாக வரைந்தாள். அதாவது, 'க்' பக்கத்தில் 'ஷ' வந்து ஒரே எழுத்தாகிவிடுகிறதே, அந்த மாதிரி. இடப்பக்கம் வளைவு, வலப்பக்கம் பாதம், ஆனால் நிரலின் கணக்கில் அது ஓர் எழுத்து. எந்த வரியிலும் எந்தத் திரையிலும் அதன் நடுவே மடங்க வழியில்லை. நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷமாக இரண்டு வீட்டுப் பெரியவர்களும் எது இடது எது வலது என்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவள் சத்தமில்லாமல் இரண்டையும் ஒரு எழுத்தாக்கிவிட்டாள்.

வாலாஜாபாத்துக்கு நானும் அவளும் பஸ்ஸில் போனோம். என் போன், அப்பா போன், நெசவாளரின் குட்டிப் போன், மாமாவின் போன், எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போனாள். மாமா கதவைத் திறந்தார், உட்காரச் சொன்னார். அவள் போன்களை மேஜையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் பத்திரிகையைத் திறந்து வைத்தாள். மாமாவின் போனைக் கடைசியில் வைத்தாள்.

அவர் ஸ்டேஷன் மாஸ்டர் நடையில் மேஜையைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு போனையும் குனிந்து பார்த்தார். எல்லாத் திரையிலும் ஒரே பத்திரிகை, ஒரே எழுத்து, உச்சியில் இரண்டு திருமண். குட்டிப் போனைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். பொத்தான்களை அழுத்தி மேலே கீழே ஓட்டிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணு மட்டும் காணாமப் போக வழியிருக்கோ?" என்றார்.

"இல்லை மாமா. ரெண்டையும் ஒரே எழுத்தா பண்ணிட்டேன். வந்தா ரெண்டும் வரும், போனா ரெண்டும் போகும். பிரிக்க முடியாது."

"யாராலயும்?"

"என்னாலயே முடியாது மாமா. மறுபடி வரைஞ்சாத்தான் உண்டு."

மாமா போனை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் முகத்தில் என்ன ஓடுகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. தங்கை கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"கைகாட்டி எறங்கியாச்சு. கொழந்தைக்குக் காபி கொண்டா."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும்தான் அவள் அழுதாள். நான் பாலாற்றைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போது என் போனில் ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. மாமாதான். நிச்சயதார்த்தம் வைத்துக்கொள்ளப்போகிறோம், நாள் பிறகு சொல்கிறேன் என்று அவருடைய ஏழெட்டு ஊர் மனுஷர்களுக்கும் எங்களுக்கும் சேர்த்து அனுப்பியிருந்தார். எஸ்.எம்.எஸ்.ஸில் கட்டுச்சாதம் எதுவும் கட்டிக்கொண்டு போக முடியாது. போனில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்துதான். தமிழை இங்கிலீஷில் தட்டுத்தடுமாறி எழுதியிருந்தார். எழுத்துப் பிழைக்குக் குறைவில்லை.

செய்திக்கு மேலே, முதல் வரியில், தனியாக இரண்டு எழுத்து இருந்தது.

UY

எங்கள் கடை விசைகளைப் பற்றி அவரிடம் நாங்கள் யாரும் சொன்னதில்லை. இளைத்துப்போன திருமண்ணாக இருந்தாலும் அதையும் வைத்துத்தான் சேதி தொடங்க வேண்டும் என்று அவராகவே தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். போனைத் தங்கையிடம் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"நம்மளை முன்னாடி போட்டிருக்கார் பாரு" என்றேன்.

அவள் அதைப் பார்க்கவில்லை. இரண்டு எழுத்துக்கும் நடுவே விரல் நகத்தை வைத்துக் காட்டினாள்.

"இங்க பாரு அண்ணா, எடம் விடாம சேர்த்துப் போட்டிருக்கார்" என்றாள்.